முழு செட்டா, தனித்தனியா, முலாமா? பழைய வெள்ளி டீ செட் வாங்கும் முன் யோசிக்க வேண்டியவை

பழைய வெள்ளி டீ செட், காபி செட் வாங்க நினைப்பவர்கள் முதலில் எண்ணுவது உருப்படிகளைத்தான். நான்கு உருப்படியா, ஐந்தா, கெட்டிலும் தட்டும் சேர்ந்த ஏழா என்று. விற்பவர்களும் அதையே பெரிய எழுத்தில் போடுகிறார்கள். பல வருடமாக இவற்றை வாங்கியும் கைமாற்றியும் வருகிறேன், அதனால் சொல்கிறேன், எண்ணிக்கையைக் கடைசியில் பாருங்கள். முதலில் டீபாட்டை மட்டும் கையில் எடுத்து, கைப்பிடி உடம்போடு சேரும் இடம், மூடியின் கீல், மூக்கின் அடி, இந்த மூன்றையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தால் மேலே பேசலாம். இல்லையென்றால் ஏழு உருப்படி இருந்தும் அந்த செட் உங்களுக்கு வேண்டாம்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்விக்கு உங்களுக்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள். இதில் ஊற்றிக் குடிக்கப்போகிறீர்களா, கண்ணாடி அலமாரியில் வைத்துப் பார்க்கப்போகிறீர்களா? இரண்டுக்கும் வாங்க வேண்டிய பொருள் வேறு. சிலர் மூன்றாவதாக, வெள்ளி விலை ஏறும், முதலீடாக இருக்கட்டுமே என்பார்கள். அதற்கு இது வழியல்ல. எடைக்கு வெள்ளி வேண்டுமென்றால் கட்டியாகவே வாங்கலாம். டீபாட்டில் மரக்கைப்பிடியும் சேர்ந்துதான் தராசில் ஏறும், வேலைப்பாட்டுக்குக் கொடுத்த பணம் உருக்கும்போது திரும்பி வராது. 1980 ஜனவரியில், அமெரிக்காவின் ஹன்ட் சகோதரர்கள் வெள்ளியை வாங்கிக் குவித்து விலை உச்சிக்குப் போன சமயத்தில், நூறு வருடம் பத்திரமாக இருந்த எத்தனையோ செட்டுகள் உலைக்குப் போய்விட்டன. நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. அப்படித் தப்பிப் பிழைத்த ஒன்றைத்தான் நீங்கள் வாங்கப்போகிறீர்கள், அதை எடைக்கல்லாகப் பார்க்காதீர்கள்.

சரி, முன்னால் இருக்கும் வழிகள் என்னென்ன? ஒரே பட்டறையில் ஒரே சமயத்தில் செய்த முழு ஸ்டெர்லிங் செட் ஒன்று. தனித்தனியாகத் தேடிச் சேர்க்கும் ஜார்ஜிய காலத்து உருப்படிகள், அதாவது இங்கிலாந்தில் ஜார்ஜ் என்ற பெயருள்ள அரசர்கள் ஆண்ட 1714 முதல் 1830 வரை செய்தவை, இன்னொன்று. அப்புறம் அமெரிக்க, பிரெஞ்சு, ஜெர்மன் செட்டுகள். கடைசியாக முலாம், அதிலும் இரண்டு சாதி இருக்கிறது, அந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பலர் பணத்தை விடுகிறார்கள்.

ஸ்டெர்லிங் என்றால் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. சாதாரணமாக நான்கு உருப்படி என்றால் டீபாட், காபி பாட், சர்க்கரைக் கிண்ணம், பால் ஜாடி. காபி பாட் என்று சொல்லி வெந்நீர் ஜாடியைத் தருவதும் உண்டு. காபி பாட்டுக்கு உயரமான உடம்பும் சற்று மேலே இருந்து கிளம்பும் மூக்கும் இருக்கும், கசடு அடியில் தங்கிவிட வேண்டும் என்பதற்காக. டீபாட் குள்ளமாக அகன்று இருக்கும், மூக்கின் வேரில் தேயிலையைத் தடுக்கச் சல்லடைபோல் துளைகள் இருக்கும். மூக்கே இல்லாமல் விளிம்பில் ஒரு சிறு வாய் மட்டும் வைத்திருந்தால் அது பெரும்பாலும் வெந்நீருக்குச் செய்தது. ஐந்தாவதாக அடியில் ஸ்பிரிட் விளக்கு வைத்த கெட்டிலோ, கோப்பையில் மிஞ்சியதைக் கொட்டும் கிண்ணமோ சேரும். முதல் நான்கும் சேர்ந்து சுமார் 2 கிலோ இருக்கும். அதைவிட ரொம்பவும் குறைவாக இருந்தால் தகடு மெல்லியது என்று அர்த்தம், அதை அடுத்துச் சொல்கிறேன்.

முழு செட் என்று போனால் உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் விக்டோரியா காலத்துப் பிற்பகுதி அல்லது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம். பூவும் கொடியும் நெருக்கமாகப் புடைத்து நிற்கும் ரொக்கோகோ மறுமலர்ச்சி வகை ஒன்று. உடம்பின் கீழ்ப்பாதியில் மட்டும் வரிவரியாகப் பள்ளமும் மேடும் போட்ட, குயீன் ஆன் பாணி என்று அழைக்கப்படும் வகை இன்னொன்று, இது 1880க்குப் பிறகு ஏராளமாகச் செய்யப்பட்டது. ஏராளமாகச் செய்ததாலேயே அதற்குக் கிராக்கி குறைவு, அதனால் வெள்ளியின் மதிப்பைவிட அதிகம் தராமலேயே பல சமயம் வாங்கிவிடலாம். தினமும் ஊற்றப்போகிறவர்களுக்கு இதைவிட நல்ல பொருள் இல்லை என்பேன். தகடு தடிமனாக இருக்கும், கீல் உறுதியாக இருக்கும், துடைக்கவும் எளிது. பூவேலை செட்டை வாங்குகிறவர் மட்டும் ஒன்றை யோசிக்க வேண்டும். நகாசின் பள்ளங்களில் இருக்கும் கறுப்புதான் அந்த வேலைக்கு ஆழம் தருகிறது, மேட்டை மட்டும் துடைத்துப் பள்ளத்தை விட்டுவிடும் பொறுமை வேண்டும். எல்லாவற்றையும் வெள்ளை வெளேரென்று தேய்த்துவிட்டால் அது அச்சடித்த தகரம்போல் தட்டையாகத் தெரியும்.

முழு செட் என்று சொன்னால் உண்மையிலேயே முழுதா என்று பாருங்கள். நான்கிலும் ஒரே செய்தவர் முத்திரையும், செய்த ஆண்டைக் குறிக்கும் ஒரே ஆண்டெழுத்தும் இருக்க வேண்டும். ஓர் ஆண்டு முன்பின் இருந்தால் கவலையில்லை, பட்டறையில் முன்கூட்டிச் செய்து வைத்திருப்பார்கள். காபி பாட் மட்டும் பத்து வருடம் பிந்தியது என்றால், அது பின்னால் ஜோடி சேர்த்தது. அதில் குற்றம் ஒன்றுமில்லை, ஆனால் அதற்கேற்ற விலைதான் தர வேண்டும். ஏழு உருப்படி செட்டில் தட்டு தனி விஷயம். ஸ்டெர்லிங்கில் பெரிய தட்டு என்றால் பல கிலோ வரும், அதனால் நிறைய செட்டுகளில் தட்டு மட்டும் முலாமாக இருக்கும். விற்பவர் எழுதிய ஒரே வரியில் அது மறைந்துபோகும். தட்டைத் திருப்பிப் பார்க்காமல் ஏழு என்று எண்ணாதீர்கள்.

எனக்கு மனதுக்கு நெருக்கமானது ஜார்ஜிய காலம். இங்கிலாந்தில் செய்த வெள்ளி டீபாட்டுகளில் நமக்குத் தெரிந்த மிகப் பழையதற்கு 1670ஆம் ஆண்டு முத்திரை, லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பார்த்தால் காபி பாட் என்றே சொல்வீர்கள், அவ்வளவு உயரம், நேர் மூக்கு. அது டீபாட் என்பது மேலே பொறித்திருக்கும் வாசகத்தால்தான் தெரிகிறது, பெர்க்லி பிரபு கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்தது. டீபாட்டுக்கென்று ஓர் உருவம் அப்போது இன்னும் பிறக்கவில்லை. அதேபோல் செட் என்ற எண்ணமும் மெதுவாகத்தான் வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டுகள் வரை ஒருவர் டீபாட் ஒரு வருடம் வாங்குவார், பால் ஜாடி இன்னொரு வருடம், வேறு பட்டறையில். ஆகவே 1760ஆம் வருடத்து ஒரே மாதிரி நான்கு உருப்படி செட் என்று யாராவது காட்டினால் ஆச்சரியப்படுவதற்கு முன் சந்தேகப்படுங்கள்.

இந்தக் காலத்தைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் 1780களின் டீபாட்டுக்கும் 1810 வாக்கில் செய்ததற்கும் உள்ள வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வது அவசியம். 1780களில் உருளையில் அழுத்தி எடுத்த தகட்டை வளைத்து, கைப்பிடிப் பக்கம் ஒரே பொருத்தாகப் பற்றவைத்து, அடியில் தட்டையாக மூடிவிடுவார்கள். நீள்வட்ட வடிவம், நேர் சுவர், ஓரமெல்லாம் கண்ணைப் பறிக்கும் பளிச்செதுக்கல். ஹெஸ்டர் பேட்மன், 1761இல் தன் முத்திரையைப் பதிந்து 1790இல் ஓய்வு பெற்ற பெண்மணி, அவர் பட்டறைப் பொருட்கள் இந்த அழகுக்குப் பெயர் போனவை. ஆனால் தகடு மெல்லியது. கட்டைவிரலால் லேசாக அழுத்தினாலே சில இடங்களில் அசையும். அடி தட்டையாக இருப்பதால் மேஜையில் சூடு படும் என்று தனியாக ஒரு சிறு பீடம் செய்து கொடுத்தார்கள், அந்தப் பீடம் காணாமல் போனவைதான் அதிகம். இது அலமாரிக்குரிய பொருள், தினமும் கொதிநீர் ஊற்றுவதற்கல்ல. 1805இலிருந்து 1815 வரையிலான ரீஜென்சி வகையோ, நீண்ட சதுர உடம்பு, நான்கு உருண்டைக் கால், நல்ல கனம். டீபாட், சர்க்கரைக் கிண்ணம், பால் ஜாடி மூன்றும் ஒன்றாகவே செய்து வந்த காலமும் இதுதான். பழமையும் வேண்டும், ஊற்றவும் வேண்டும் என்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த மூன்று உருப்படி செட்தான். பால் ஸ்டோர் என்ற புகழ்பெற்ற லண்டன் வெள்ளி வேலைக்காரரின் முத்திரை போட்டதாக இருந்தால் விலை வேறு உலகத்துக்குப் போய்விடும். அவர் பெயர் இல்லாத, நன்றாகச் செய்த செட்டைத் தேடுங்கள், கிடைக்கும்.

ஜார்ஜியப் பொருளில் எனக்கு மிகவும் வேதனை தருவது ஒன்று உண்டு. எளிமையாக, ஒரு கோடுகூட இல்லாமல் செய்த காபி பாட்டுகளை விக்டோரியா காலத்தவர்கள் தங்கள் ரசனைக்கேற்ப எடுத்து, பூவும் பறவையுமாகப் புடைப்பு வேலை செய்துவிட்டார்கள். அடியில் 1740களின் முத்திரை, உடம்பில் 1850களின் பூக்கள். முத்திரை உண்மைதான், செய்த ஆளும் உண்மைதான், ஆனாலும் பொருள் அதுவல்ல. பூவேலைக்கு நடுவே முத்திரையின் ஒரு பகுதி நசுங்கியோ இழுபட்டோ இருந்தால் வேலை பின்னால் வந்தது என்று தெரிந்துகொள்ளலாம். இதற்குக் குறைந்த விலைதான். பீர் குடிக்கும் பெரிய குவளைக்கு மூக்கு வைத்துக் காபி ஜாடியாக்கியதும் இருக்கிறது. இப்படி உரு மாற்றிய பொருளை, வெள்ளியின் தரத்தைச் சோதித்து முத்திரை போடும் சோதனைச்சாலைக்கு மறுபடி காட்டி முத்திரை பெறாமல் விற்பது பிரிட்டனில் 1973ஆம் வருடச் சட்டப்படி குற்றம்.

தனித்தனியாகச் சேர்ப்பதில் இருக்கும் சுகம் முழு செட் வாங்குவதில் இல்லை என்பது என் எண்ணம். டீபாட் 1808, சர்க்கரைக் கிண்ணம் 1811, பால் ஜாடி 1806, மூன்றும் மூன்று ஆட்கள் செய்தவை, ஆனால் உருண்டைக் காலும் விளிம்புக் கயிறு வேலையும் ஒத்துப்போகின்றன என்றால் மேஜையில் வைக்கும்போது யாருக்கும் குறை தெரியாது. ஒவ்வொன்றையும் அதன் சொந்தத் தகுதிக்காக வாங்கியிருப்பீர்கள். நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். செலவும் ஒரே நாளில் விழாது.

மற்ற நாட்டு செட்டுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் பிரிட்டனைப்போல் தேசிய முத்திரை அமைப்பு இருந்ததில்லை, செய்தவர் சொல்தான் உறுதி. டிஃபனி நிறுவனம் 1851இலும் கோரம் (Gorham) நிறுவனம் 1868இலும் ஸ்டெர்லிங் தரத்தை ஏற்றன. அதற்கு முந்தைய அமெரிக்கப் பொருள் பெரும்பாலும் நாணய வெள்ளி, ஏறத்தாழ 900 மாற்று. கோரம் பொருளில் 1868 முதல் ஆண்டைச் சொல்லும் குறி ஒன்றும் இருக்கும், காலம் கண்டுபிடிக்க அது பெரிய உதவி. அமெரிக்க செட்டுகள் கனமாக, பெரிதாக, உருப்படி நிறைய இருக்கும். பிரெஞ்சுப் பொருளில் 1838க்குப் பிறகு மினர்வா தேவியின் தலை இருக்கும், பக்கத்தில் 1 என்று இருந்தால் 950, 2 என்று இருந்தால் 800. இந்த 950 ஸ்டெர்லிங்கைவிட மாற்று கூடியது, அந்த அளவுக்கு மென்மையும் கூட, சொட்டை சீக்கிரம் விழும். ஜெர்மனியில் 1888 முதல் பிறையும் கிரீடமும், கூடவே 800 அல்லது அதற்கு மேற்பட்ட எண். 800 என்றவுடன் தாழ்வாக நினைக்க வேண்டாம், உறுதிக்கு அது நல்லது, கறுப்பதுதான் சற்று வேகம். ஸ்டெர்லிங் அல்ல என்ற ஒரே காரணத்துக்காக ஜெர்மன் செட்டைத் தள்ளிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் விட்டுப்போனதில் அருமையான வேலைப்பாடு இருந்தது.

இப்போது முலாம். பழைய ஷெஃபீல்டு தகடு என்பது ஒன்று, மின்முலாம் என்பது முற்றிலும் வேறு. 1743 வாக்கில் தாமஸ் பூல்சோவர் என்பவர் ஷெஃபீல்டில் செம்பும் வெள்ளியும் சூட்டில் ஒட்டிக்கொண்டு ஒரே உலோகம்போல் உருளும் என்று கண்டார். செம்புக் கட்டியின் மேல் வெள்ளியை வைத்துச் சுட்டு, உருட்டித் தகடாக்கி, அந்தத் தகட்டிலிருந்து பாத்திரம் செய்தார்கள். பர்மிங்ஹாமில் மாத்யூ போல்டன் இதை மிக உயர்ந்த தரத்தில் செய்தார், இரட்டைச் சூரியன் அவர் குறி. முதலில் தகடு, பிறகு பாத்திரம் என்பதால் பொருத்து எங்காவது இருந்தே தீரும், வெட்டிய ஓரத்தில் செம்பு தெரியாமலிருக்க வெள்ளிக் கம்பி வைத்து மறைத்திருப்பார்கள். குடும்பச் சின்னம் பொறிக்கும் இடத்தில் செதுக்கினால் செம்பு வந்துவிடுமே என்று அங்கே தடித்த வெள்ளித் துண்டை இழைத்துப் பதித்திருப்பார்கள். ஆவி பட ஊதிப் பார்த்தால் அந்தத் துண்டின் ஓரம் தெரியும். தெரிந்தால் மகிழுங்கள், அது அசல்.

1840இல் எல்கிங்டன் மின்முலாமுக்குக் காப்புரிமை பெற்றார், பத்துப் பதினைந்து வருடத்தில் பழைய முறை அடங்கிப்போனது. மின்முலாமில் முதலில் பாத்திரத்தைச் செய்து முடித்து, பிறகு தொட்டியில் முக்கி வெள்ளி ஏற்றுகிறார்கள். அதனால் பொருத்தெல்லாம் வெள்ளிக்கு அடியில் மறைந்துவிடும். அடியில் ஈ.பி.என்.எஸ். என்று இருந்தால் உள்ளே நிக்கல் சில்வர், நாம் ஜெர்மன் சில்வர் என்கிறோமே அதுவேதான், செம்பும் நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்தது, பெயரில் தவிர வெள்ளி கிடையாது. ஈ.பி.பி.எம். என்று இருந்தால் உள்ளே பிரிட்டானியா உலோகம், பெரும்பாலும் வெள்ளீயம், கொஞ்சம் ஆண்டிமனி. இந்த இரண்டாவதை வாங்க வேண்டாம் என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். மென்மையானது, மூக்கு சாய்ந்துபோகும், கீல் பிய்ந்தால் பற்றவைக்கப் போகும் சூட்டில் பாத்திரமே வழிந்துவிடும், ஏனென்றால் அது உருகுவது 250 டிகிரி சுமாரில், வெள்ளிப் பற்றுக்கோ 600க்கு மேல் வேண்டும். 950 சொச்சம் மாற்றுள்ள பிரிட்டானியா வெள்ளி என்று இன்னொன்று இருக்கிறது, 1697 முதல் 1720 வரை இங்கிலாந்தில் கட்டாயமாக இருந்தது. பெயர் ஒற்றுமையில் ஏமாற வேண்டாம்.

முலாம் தேய்ந்தால் மறுமுலாம் போடலாமா? நிக்கல் சில்வருக்குத் தாராளமாகப் போடலாம், புதிதுபோல் ஆகிவிடும், அதன் பெரிய வசதியே அதுதான். பழைய ஷெஃபீல்டுக்குப் போடவே கூடாது. ஓரங்களில் செம்பு ரோஜா நிறத்தில் எட்டிப் பார்ப்பதுதான் அதன் வயதின் அழகு, மேலே மின்முலாம் ஏற்றினால் இருநூறு வருடப் பொருளை இருபது நிமிடத்தில் சாதாரணப் பொருளாக்கிவிடுகிறோம். முலாம் என்றாலே மட்டம் என்பதற்கும் விதிவிலக்கு உண்டு. 1870களின் இறுதியில் கிறிஸ்டோபர் டிரெஸ்ஸர் என்ற வடிவமைப்பாளர் ஹுகின் அண்ட் ஹீத், ஜேம்ஸ் டிக்சன் நிறுவனங்களுக்காக வரைந்த டீபாட்டுகள் பெரும்பாலும் மின்முலாம்தான், ஆனால் சாதாரண ஸ்டெர்லிங் செட்டுகளைவிடப் பல மடங்கு மதிப்புள்ளவை. கோணமும் நேர்கோடுமாக, ஐம்பது வருடம் கழித்து வரைந்ததுபோல் இருக்கும்.

முத்திரை படிப்பதை ஒரு மாலையில் கற்றுக்கொள்ளலாம். பிரிட்டிஷ் பொருளில் நடக்கும் சிங்கம் என்றால் ஸ்டெர்லிங். சிறுத்தைத் தலை லண்டன், நங்கூரம் பர்மிங்ஹாம், கிரீடம் ஷெஃபீல்டு, கோட்டை எடின்பரோ. ஓர் எழுத்து ஆண்டைச் சொல்லும், அதன் எழுத்து வடிவமும் சுற்றியுள்ள கட்டத்தின் வடிவமும் சேர்ந்துதான் எந்த ஆண்டு என்று முடிவாகும். 1784 முதல் 1890 வரை வரி கட்டியதற்கு அடையாளமாக அரசர் அல்லது அரசி தலையும் இருக்கும். சிங்கமோ ஆண்டெழுத்தோ இல்லாமல், தனித்தனிக் கட்டத்துக்குள் அழகிய எழுத்துகளாக வரிசையாக இருந்தால் பொறுமையாகப் படியுங்கள், ஈ, பி, என், எஸ் என்றே இருக்கக்கூடும். முலாம் செய்தவர்கள் தூரத்தில் பார்க்கும்போது முத்திரைபோல் தோன்றட்டும் என்றே அப்படிப் போட்டார்கள். பிரியும் உறுப்புக்கும் மூடிக்கும் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய ஆங்கிலப் பட்டியல்களில் பிளேட் என்று வந்தால் அது அசல் வெள்ளி என்பதையும் மறக்க வேண்டாம், பிளேட்டட் என்றால்தான் முலாம்.

பலர் கவனிக்காத ஒன்று கீறல் எடை. பழைய டீபாட்டின் அடியில் ஊசியால் கிறுக்கியதுபோல் இரண்டு எண்கள் இருக்கும், முதலாவது ட்ராய் அவுன்ஸ், அடுத்தது பென்னிவெயிட், 20 பென்னிவெயிட் ஒரு அவுன்ஸ், ஒரு அவுன்ஸ் 31.1 கிராம். அன்று நிறுத்த எடை அது. இன்று நீங்கள் நிறுத்துப் பார்த்து ஒப்பிடுங்கள். கொஞ்சம் குறைந்திருந்தால் இருநூறு வருடத் துடைப்பு. நிறையக் குறைந்திருந்தால் எதையோ அகற்றியிருக்கிறார்கள், பெரும்பாலும் பழைய குடும்பச் சின்னத்தைச் சுரண்டியிருப்பார்கள், அந்த இடம் மெலிந்து குழிந்திருக்கும். கூடியிருந்தால் எதையோ சேர்த்திருக்கிறார்கள், அது இன்னும் கவலைக்குரியது. வேறொருவர் பெயர் பொறித்திருக்கிறதே என்று அசல் சின்னம் உள்ள பொருளை ஒதுக்காதீர்கள், சுரண்டியதைவிட அது எவ்வளவோ மேல்.

எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் படத்தை மட்டும் பார்த்து ஆறு உருப்படி செட் ஒன்றை ஏலத்தில் எடுத்தேன். முத்திரைகள் எல்லாம் சரி, ஆண்டெழுத்தும் ஒன்றே. வீட்டுக்கு வந்து காபி பாட்டில் வெந்நீர் ஊற்றியதும் கைப்பிடியின் கீழ்ப் பொருத்திலிருந்து சொட்டத் தொடங்கியது. துடைத்துப் பார்த்தால் மங்கிய சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு, யாரோ வெள்ளிப் பற்றுக்குப் பதில் ஈயப் பற்று போட்டிருக்கிறார்கள். ஈயம் இருக்கும் இடத்தில் அதிகச் சூடு காட்டினால் அது வெள்ளியைத் தின்று ஓட்டை போட்டுவிடும், அதனால் ஒழுங்காகப் பற்றவைக்கும் முன் அந்த ஈயத்தை ஒரு துளி விடாமல் எடுக்க வேண்டும், தேர்ந்த வெள்ளி வேலைக்காரருக்கே கடினமான வேலை. ஈயம் பட்ட பாத்திரத்தில் குடிப்பதும் கூடாது. அன்றிலிருந்து ஆறு உருப்படி என்ற வார்த்தைக்கு முன்னால் நான் கேட்பது கைப்பிடிப் பொருத்தின் நெருக்கப் படம்.

கைப்பிடியைப் பற்றி இன்னும் ஒன்று. உலோகங்களில் சூட்டை மிக வேகமாகக் கடத்துவது வெள்ளி. அதனால்தான் கைப்பிடி கருங்காலி மரத்தில் இருக்கும், அல்லது வெள்ளிக் கைப்பிடியின் இரு முனையிலும் சூட்டைத் தடுக்க யானைத் தந்த வளையம் இருக்கும். அந்த மெல்லிய வளையம் விரிசல் விட்டிருந்தால் பிடி ஆடும். அதைவிடப் பெரிய விஷயம் சட்டம். பிரிட்டனின் 2018ஆம் வருடத் தந்தச் சட்டம் 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்தபின், 1947 மார்ச் 3க்கு முன் செய்த, தந்தம் பத்து சதவீதத்துக்குக் குறைவான பொருளைக்கூடப் பதிவு செய்த பிறகே விற்கலாம். எல்லை தாண்டி அனுப்புவதற்குத் தனிக் கெடுபிடி. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதாக இருந்தால் மரக்கைப்பிடி உள்ளதைத் தேடுங்கள், சுங்கத்தில் மாட்டிக்கொண்டு தவிக்க வேண்டியிருக்காது.

பராமரிப்பும் தேர்வில் சேர வேண்டிய கணக்கு. வெள்ளி கறுப்பது காற்றில் உள்ள கந்தகத்தால். முட்டை, ரப்பர், கம்பளி மூன்றும் அதை வேகப்படுத்தும், ரப்பர் பேண்டு போட்டு மூடியைக் கட்டி வைக்கவே கூடாது. உப்பு பட்டால் குழி விழும். தினமும் உபயோகிக்கும் ஸ்டெர்லிங் பாட்டை வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி உடனே துடைத்தாலே பல வாரம் பளபளப்பு நிற்கும், அலமாரியில் சும்மா இருப்பதுதான் சீக்கிரம் கறுக்கும். மரக்கைப்பிடி உள்ளதை ஊறப்போடக் கூடாது. முக்கி எடுத்தால் வெளுத்துவிடும் திரவங்கள் நகாசுக்கு எமன். முலாமைத் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் அதன் ஆயுளில் கொஞ்சம் போகிறது, ஆகவே ஓயாமல் துடைக்கும் பழக்கம் உள்ளவர் முலாம் வாங்க வேண்டாம்.

ஆக, தினமும் நாலு பேருக்கு ஊற்றப் போகிறீர்கள் என்றால் 1880க்குப் பிந்தைய கீழ்ப்பாதி வரியிட்ட ஸ்டெர்லிங் நான்கு உருப்படி, அல்லது கனமான அமெரிக்க செட். ஊற்றவும் வேண்டும், பழமையும் வேண்டும் என்றால் 1810 வாக்கிலான மூன்று உருப்படி, காபி பாட்டை அப்புறம் தனியாக. கொஞ்சமாகவே செலவு செய்ய முடியும் என்றால் நல்ல நிக்கல் சில்வர் மின்முலாம், தாராளமாக உபயோகித்துத் தேய்ந்ததும் மறுமுலாம் போட்டுக்கொள்ளலாம். அலமாரிக்கு மட்டும் என்றால் பழைய ஷெஃபீல்டு, செம்பு லேசாகத் தெரிவதாகவே எடுங்கள். ஒரே ஒரு உருப்படிதான் வாங்க முடியும் என்கிறவருக்கு, யோசிக்காமல் சொல்வேன், எளிமையான ஜார்ஜிய காபி பாட், ஒரு பூகூட இல்லாதது, சின்னம் சுரண்டப்படாதது. அதற்குப் பக்கத்தில் வேறு எதுவும் வைக்க வேண்டியிருக்காது. நேரில் பார்க்கப் போகும்போது சமையலறைத் தராசு ஒன்றும் பூதக்கண்ணாடி ஒன்றும் எடுத்துக்கொண்டு போங்கள், மூடியை நாலைந்து முறை திறந்து மூடிப் பாருங்கள், விற்பவர் அனுமதித்தால் வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிடம் ஒரு வெள்ளைத் துணியின் மேல் வைத்துவிட்டுத் துணியைப் பாருங்கள்.